நாகசுரச் செல்வர் காருகுறிச்சி அருணாசலம்

தென்பாண்டி நாட்டின் கரிசல் நிலத்திலே அமைந்தது கோவில்பட்டி. வானத்தை நோக்கி வாழும் பூமி அது. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் புன்செய்க் காடுகளும், பஞ்சாலைகளும், தீப்பெட்டித் தொழிற்சாலைகளும் அப்பகுதிக்கு அடையாளங்கள். ஆற்றுப் பாய்ச்சல் அறியாத அம்மண்ணில் இசை வெள்ளத்தைப் பாய்ச்சிய பெருங்கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். அவரே நாகசுரச் செல்வர் காருகுறிச்சி அருணாசலம்.

அருணாசலம் 1921ஆம் ஆண்டில், திருநெல்வேலிச் சீமையில் உள்ள காருகுறிச்சி என்னும் சிற்றூரிற் பிறந்தார். அக்காலத்தில் நாகசுரக் கலையின் தாயகம் என்று போற்றப்பட்டது காவிரி பாயும் தஞ்சைத் தரணியே. அங்கே தலைமுறை தலைமுறையாக அக்கலையைப் பேணிவந்த குடும்பங்கள் பல இருந்தன. பொருநைக் கரையிற் பிறந்த ஓர் இளைஞர் அவர்களுக்கு நிகராக நிற்பது எளிதன்று. ஆயினும் அருணாசலத்தின் உள்ளத்தில் எழுந்த வேட்கை தூரத்தையும் தடையையும் பொருட்படுத்தவில்லை.

அந்நாளில் நாகசுர உலகின் முடிசூடா மன்னராக விளங்கியவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை. நீண்ட பாரி நாகசுரத்தைக் கையாண்டு, அதன் ஆழ்ந்த நாதத்தை நாடறியச் செய்தவர் அவர். அவரிடம் மாணாக்கராகச் சேரும் பேறு அருணாசலத்துக்குக் கிட்டியது. நாகசுரக் கலை ஏட்டைப் பார்த்துக் கற்பதன்று. ஆசிரியரின் அருகில் இருந்து, செவியால் உண்டு, மூச்சால் பழகிக் கற்பது. சீவாளியை உதடுகளுக்கிடையே எவ்வளவு அழுத்துவது, மூச்சை எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்னும் நுட்பங்களை அருணாசலம் ஆசிரியரின் வாசிப்பிலிருந்தே அறிந்துகொண்டார். பின்னர் ஆசிரியரோடு இணைந்து வாசிக்கும் தகுதியும் பெற்றார்.

கற்றுத் தேர்ந்த அருணாசலம் கோவில்பட்டியைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். இராகங்களை விரிப்பதில் ஈடற்றவர் என்று பெயர்பெற்ற விளாத்திகுளம் சுவாமிகள் வாழ்ந்ததும் அக்கரிசல் வட்டாரத்திலேதான். அவருடைய இசையறிவை அருணாசலம் பெரிதும் போற்றினார். அருகிலுள்ள இடைசெவல் என்னும் ஊரிற் பிறந்த எழுத்தாளர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அருணாசலத்தின் இசையில் தோய்ந்தவர்கள். எனினும் அவருடைய வாசிப்பைச் சுவைத்தவர்கள் புலவரும் பாவலரும் மட்டுமல்லர். பகலெல்லாம் காட்டில் உழைத்த உழவர்கள் இரவிலே கோயில் திருவிழாவில் வெறுந்தரையில் அமர்ந்து அவருடைய நாகசுரத்தைக் கேட்டு மகிழ்ந்தனர்.

இசைக்கு இயல்பான குறை ஒன்று உண்டு. ஓவியன் மறைந்தாலும் ஓவியம் நிற்கும். சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கும். இசைஞனின் மூச்சோ காற்றிற் பிறந்து காற்றிலேயே கரைந்துபோகும். இக்குறையைப் போக்க வந்த கருவியே கிராமபோன். இசைத்தட்டிற் செதுக்கப்பட்ட நுண்ணிய வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போது, அப்பள்ளத்தின் நெளிவுகள் மீண்டும் ஒலியாக மாறுகின்றன. இராசரத்தினம் பிள்ளை வாசித்த தோடி தமிழகமெங்கும் பரவியது இத்தட்டுகளின் வழியேயாம். அருணாசலத்தின் வாசிப்பும் அவ்வாறே தட்டுகளிற் பதிந்தது.

ஆனால் தட்டு தந்த இடமோ மிகச் சிறிது. பழைய இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். 10 அங்குல அகலமுள்ள தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இரவெல்லாம் ஒரே இராகத்தை விரித்து வாசிக்கும் ஆற்றல் பெற்றவர்கள், அதன் உயிர்நிலையை மட்டும் எடுத்து மூன்று நிமிடத்துக்குள் வைத்தாக வேண்டும். பெருங்கடலைச் சிறு குடத்தில் முகந்து தருவது போன்ற பணி அது. ஒரு சுரமும் வீணாகாமல் வாசிப்பவரே அதில் வெற்றி பெற இயலும்.

தட்டுகளின் தரமும் ஒருபடித்தானதன்று. 78 சுழற்சித் தட்டு அரக்கோடு கற்பொடி முதலியவற்றைக் கலந்து செய்யப்பட்டது. அது எளிதில் உடையும். கரடுமுரடான அதன் பரப்பில் கனத்த எஃகு ஊசி உராயும்போது இரைச்சல் எழும். நாளடைவில் வரிப்பள்ளமும் தேயும். 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் என்னும் பொருளால் ஆன நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. அது நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. அதன் வரிகள் மிக நுண்ணியவை; ஆதலால் 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேலும் இசை அடங்கிற்று. அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 சுழற்சியுள்ள 7 அங்குலச் சிறு தட்டை வெளியிட்டது.

இவற்றுள் எது சிறந்தது? ஊசியின்கீழ் வரிப்பள்ளம் விரைந்து ஓடுமாயின், ஒவ்வொரு நொடியின் ஒலியும் நீண்ட இடத்திற் பதியும். நுண்ணிய மேலொலிகளும் தெளிவாக அமையும். அவ்வாறு நோக்கின் 78 சுழற்சித் தட்டே சிறந்ததாக வேண்டும். ஆயினும் அரக்குத் தட்டின் இரைச்சல் அந்நன்மையைக் கெடுத்துவிட்டது. வேகம் மட்டும் தரமாகாது. தட்டின் பொருளும் ஊசியின் நுண்மையும் சேர்ந்தே தரத்தைத் தருகின்றன என்பது இதனாற் புலனாகும். ஒரே வினைலில் ஒரே அளவுள்ள தட்டு செய்யின், 45 சுழற்சியில் ஒலித் தெளிவு மிகும். 33⅓ சுழற்சியில் இசைக்கும் நேரம் மிகும். இராகத்தை விரிப்பதற்கு நேரமே முதன்மையாதலால், நாகசுரத்துக்கு நீண்டநேரத் தட்டு பெரிதும் ஏற்றதாயிற்று. அதிலும் தட்டின் விளிம்பில் வரி விரைந்தோடும். நடுவை நெருங்க நெருங்க வேகம் குறையும். ஆகவே ஒரு பக்கத்தின் தொடக்கத்திலுள்ள தெளிவு இறுதியில் சற்றே மங்குவதும் உண்டு.

தட்டு அச்சாகும் முறையிலும் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. முதற்பதிவிலிருந்து உலோக அச்சு எடுத்து, அவ்வச்சினால் பல தட்டுகளை அழுத்தி எடுப்பர். அச்சு புதிதாயிருக்கையில் வெளிவரும் தட்டு தெளிவாக ஒலிக்கும். மிகுதியாகப் பயன்பட்டுத் தேய்ந்த அச்சிலிருந்து வரும் தட்டிலே நுட்பங்கள் குறைந்திருக்கும். ஒரே கலைஞரின் ஒரே வாசிப்பு இரு தட்டுகளில் இரு வகையாக ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுழற்சி வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும். 33⅓ சுழற்சிக்குரிய தட்டை 45 சுழற்சியில் ஓட்டினால், சட்சம் ஏறத்தாழ மத்திமத்தின் இடத்துக்கு ஏறிவிடும். பாரி நாகசுரத்தின் கம்பீரம் மறைந்து, கீச்சொலியே எஞ்சும். சிறிதளவு வேகம் கூடினாலும் குறைந்தாலும் கலைஞர் கொண்ட சுருதி பிறழும். அவர் நிதானமாக அசைத்த கமகமும் உருமாறும். ஆதலால் உரிய வேகத்தில் தட்டைச் சுழற்றுதல், கேட்போர் கலைஞருக்குச் செய்யும் கடமையாகும்.

1956ஆம் ஆண்டில் இராசரத்தினம் பிள்ளை மறைந்தார். ஆசிரியரின் நாதம் ஓய்ந்துவிட்டதே என்று வருந்திய சுவைஞர்களுக்கு ஆறுதலாக விளங்கியவர் அருணாசலம். 1962ஆம் ஆண்டில் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் திரைப்படம் அவர் புகழைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. அப்படத்தில் இடம்பெற்ற சிங்காரவேலனே தேவா என்னும் பாடலுக்கு எஸ். எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார். எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாகசுரமும் ஆபேரி இராகத்தில் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும். திறந்த வெளியை நிறைக்க வல்ல நாகசுரத்தை ஒரு மெல்லிய பெண்குரலோடு இழைப்பது அரிய செயல். தம் கருவியை அக்குரலுக்கு இணங்க இழைத்துக் காட்டினார் அருணாசலம். இசையிலக்கணம் அறியாதவரும் அப்பாடலைத் தட்டிலும் வானொலியிலும் கேட்டு மகிழ்ந்தனர்.

புகழின் உச்சியில் இருந்த அக்கலைஞரின் வாழ்வு நெடிது நீளவில்லை. 1964ஆம் ஆண்டில், நாற்பத்தைந்து அகவையும் நிறைவதற்கு முன்னரே, அவர் மறைந்தார். கரிசல் மண் தன் நாதத்தை இழந்தது. ஆனால் முழுதும் இழந்துவிடவில்லை. அவர் மறைந்தபின் பிறந்தவர்களும் அவர் வாசிப்பைக் கேட்டு உருகுகின்றனர். திருமண வீடுகளின் ஒலிபெருக்கிகளில் அவர் நாகசுரம் நெடுங்காலம் முழங்கியது. அரக்குத் தட்டிலிருந்து வினைல் தட்டுக்கும், அதிலிருந்து ஒலிநாடாவுக்கும், பின்னர் வந்த கருவிகளுக்கும் அந்த நாதம் குடிபெயர்ந்து வந்துள்ளது.

ஒருவரது மூச்சு நாற்பது ஆண்டுகளிற் சிறிது மிகுதியாகவே இயங்கிற்று. அம்மூச்சிற் பிறந்த இசையோ அதனினும் நெடுங்காலம் வாழ்கிறது. தட்டு தேயும், உடையும், கருவிகளும் மாறும். ஆயினும் ஆசிரியரை அணுகிப் பணிவோடு கற்று, அயராது பழகி, ஒவ்வொரு சுரத்தையும் உயிரென மதித்து வாசித்தவரின் இசைக்கு அழிவில்லை. பழைய இசைத்தட்டுகளைப் பேணிக் காத்து, உரிய வேகத்தில் ஓட்டி, அமைதியாகச் செவிமடுப்பதே அப்பெருங்கலைஞருக்கு நாம் ஆற்றும் நன்றியாகும்.