சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்

விளாத்திகுளத்தை அடுத்த எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைக் கரிசல் மண்ணின் மக்கள் தம் செல்வமாகப் போற்றுவர். அப்பெருங்காப்பியத்திற்கு உரை கண்டவர்களுள் ஒருவர் நாஞ்சில் நாட்டுச் செய்குத்தம்பிப் பாவலர்.

1874ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் நாகர்கோவிலைச் சார்ந்த இடலாக்குடியில் பாவலர் பிறந்தார். நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால் பள்ளியில் அவர் பயின்றது மலையாளமே. தமிழ் வேட்கை மிகுந்து, சங்கரநாராயண அண்ணாவியாரை அடைந்து இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்தார். பின்னர்ச் சென்னையில் பதிப்புப் பணி ஆற்றினார். அருட்பா பற்றி எழுந்த பூசலில் வள்ளலார் பக்கம் நின்று வாதிட்டார்.

1907ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்திக் காட்டினார். அவதான அரங்கில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒலிக்கும் மணியையும் எண்ணிவர வேண்டும். இடையில் அறுபட்ட பாடலை விட்ட இடத்திலிருந்தே தொடர்தல் வேண்டும்.

மனிதர் வாக்கியத்தை ஆக்குவதையும் உணர்வதையும் கணிப்பொறியில் மாதிரியாக அமைத்து ஆராயும் அறிஞர்க்கும் இதுவே அடிப்படை வினா: முற்றுப்பெறாத தொடரை உள்ளம் எவ்வாறு தாங்குகிறது? தமிழில் வினைமுற்றுப் பெரும்பாலும் இறுதியில் வருதலின், எழுவாயையும் செயப்படுபொருளையும் அதுவரை நினைவில் நிறுத்துகிறோம். உடனடி நினைவு ஏறத்தாழ ஏழு கூறுகளையே தாங்கும் என 1956இல் ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியலறிஞர் எழுதினார்; சிதறியவற்றைத் தொகுத்துக் கட்டினால் ஒவ்வொரு கட்டும் ஒரு கூறாகிவிடும் என்றும் விளக்கினார்.

பாவலரின் ஆற்றலுக்குரிய திறவுகோல் யாப்பில் இருத்தல் கூடும். எதுகையும் தளையும் அடுத்து வரத்தக்க சொற்களைச் சிலவாகக் குறுக்குகின்றன. உதிரிப் பூக்களை நாரெனத் தொடுக்கின்றன. இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று, நினைவைத் தாங்கும் கருவியும் ஆகும் என்பதை மாணவர் இதனால் உணரலாம்.

1950ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் பாவலர் மறைந்தார். மனித மொழித்திறனை முற்றும் விளக்க விழையும் எந்தக் கணிப்பொறி மாதிரியும் அவ்வரங்கில் நின்ற அந்த ஒரு நெஞ்சத்திற்கும் விடை கூறியாதல் வேண்டும்.