அலைகளுக்கு நடுவே ஒரு மருத்துவர்

விக்டோரியா சிலுவை, பகைவர் முன் காட்டிய வீரத்துக்கு மட்டுமே உரியது என்று நான் எண்ணியிருந்தேன். காம்ப்பெல் மெல்லிஸ் டக்ளஸின் வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று.

1840இல் கனடாவின் கியூபெக் பகுதியில் பிறந்த இவர், ஆங்கிலேயரின் 24ஆம் படைப்பிரிவில் உதவி மருத்துவர். 1867இல் 'அஸ்ஸாம் வேலி' என்ற கப்பலின் மாலுமிகள் சிலர் சின்ன அந்தமானில் இறங்கித் திரும்பவில்லை. அவர்களைத் தேடி ரங்கூனிலிருந்து படையினர் சென்றனர். மே 7 அன்று கரையிறங்கியவர்களுள் 17 பேர் அங்கேயே சிக்கிக்கொண்டனர். அலைகளின் கொந்தளிப்பில் படகேற வழியில்லை.

டக்ளஸ், பெல், கூப்பர், கிரிஃபித்ஸ், மர்ஃபி ஆகிய நான்கு சிப்பாய்களுடன் சிறு படகில் புறப்பட்டார். முதன்முறை படகில் பாதி நீர் புகுந்துவிடவே திரும்பினர். மறுமுறை ஐவரை மீட்டனர். மூன்றாம் முறை எஞ்சியோர் அனைவரும் தப்பினர். மருத்துவர் முகப்பில் நின்று படகைச் செலுத்த, நால்வரும் துடுப்பு வலித்தனராம். பகைவர் முன் அல்லாத துணிவுக்கும் சிலுவை வழங்கலாம் என்று 1858இல் விதி செய்திருந்தனர்; அதன்படி ஐவரும் அதைப் பெற்றனர்.

ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று படையினர் சுட்டதில் தீவின் ஓங்கே மக்கள் பலர் மாண்டனர். அவர்களுக்கோ அது சொந்தக் கரை.

கிரிஃபித்ஸ் 1879இல் தென்னாப்பிரிக்காவின் இசாண்டில்வானா போரில் வீழ்ந்தார். டக்ளஸ் கடலை விடவில்லை. 1895இல், 55ஆம் வயதில், 12 அடிப் படகொன்றில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1909இல் காலமானார்.