எலும்பின் இயக்கத்தைக் கண்ட ஹெவசி

எலும்பு ஒருமுறை வளர்ந்தபின் கல்லைப்போல அப்படியே நின்றுவிடும் என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வாறன்று என எலிகளைக் கொண்டு காட்டியவர் ஜார்ஜ் டி ஹெவசி.

1885ஆம் ஆண்டு ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்த இவர், பியாரிஸ்ட் சபைத் துறவியர் நடத்திய பள்ளியில் பயின்றார். 1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மேதை ரூதர்போர்டிடம் சேர்ந்தார். காரீயத்தோடு கலந்துகிடந்த ஒரு கதிர்வீசும் பொருளைப் பிரித்துத் தரும்படி ரூதர்போர்டு பணித்தார். நெடுநாள் முயன்றும் இயலவில்லை. அதுவும் காரீயத்தின் ஒரு வடிவமே என்பது பின்னர்தான் தெரிந்தது. பிரிக்க முடியாதென்றால், காரீயம் செல்லுமிடமெல்லாம் அதுவும் செல்லுமே! அது வீசும் கதிரைக் கொண்டு காரீயத்தைப் பின்தொடரலாமே என்று ஹெவசி சிந்தித்தார்.

அந்நாளில் அவர் தங்கியிருந்த விடுதியில், மீந்த உணவு மறுபடி மேசைக்கு வருகிறதோ என ஐயுற்றாராம். தட்டில் மிச்சம் வைத்ததில் சிறிது கதிர்ப்பொருளைச் சேர்த்துவிட்டு, சில நாள் கழித்து வந்த உணவைக் கருவியால் சோதிக்க, குட்டு வெளிப்பட்டதாம். விடுதி மாணவியர் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

1935இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஒரு மருத்துவருடன் சேர்ந்து எலிகளுக்குக் கதிர்வீசும் பாஸ்பரஸ் கொடுத்தார். அது எலும்பில் சேர்ந்தது. பின்பு மெல்ல வெளியேறியது. ஒரு பாஸ்பரஸ் அணு எலியின் உடலில் தங்குவது சராசரியாக இரண்டு மாதமே எனக் கணக்கிட்டனர். எலும்பு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது! இவ்வழித்தடம் காணும் முறைக்காக 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1966இல் மறைந்தார்.

1971இல் அமெரிக்காவில் சுப்பிரமணியன் (பெயரே நமக்கு நெருக்கமாக இருக்கிறதல்லவா?), மெக்காஃபி ஆகிய இருவரும், டெக்னீசியம் என்னும் கதிர்ப்பொருளைப் பாஸ்பேட்டுடன் இணைத்து எலும்பைப் படமெடுக்க வழி கண்டனர். ஊசிவழி ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் காமா கேமராவின் கீழ் படுக்க வைத்தால், எலும்பு மிகுதியாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் தனித்துத் தெரியும்.

கல்லீரல் புற்றுநோய் கண்ட ஒரு தாய் முதுகு வலிக்கிறது என்கிறார். நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தால், கல்லீரலை மட்டும் அறுத்து நீக்குவதால் குணமாகாது. முன்னரே அறிவது அவசியம். ஆனால் இந்நோய் பெரும்பாலும் எலும்பைக் கட்டுவதில்லை, அரித்துத் தின்கிறது. அதனால் அவ்விடம் படத்தில் மங்கலாகவோ வெற்றிடமாகவோ தோன்றி, கண்ணுக்குத் தப்பிவிடலாம். எனவேதான் மருத்துவர்கள் இப்படத்தோடு நில்லாமல் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.