கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

வட சென்னையின் கடற்கரையை ஒட்டி இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் அமைந்துள்ளன. கப்பல்களில் வந்திறங்கும் சரக்குகளும், ஆலைகளில் உழைக்கும் தொழிலாளரும் நிறைந்த பகுதி இது. ஓர் ஆலையில் ஆயிரம் பேர் பணிபுரிவாராயின், ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் உழைத்தார், அவர்க்குரிய ஊதியம் எவ்வளவு, அதில் பிடித்தம் எவ்வளவு என்பனவற்றைத் திங்கள்தோறும் பிழையின்றிக் கணக்கிடல் வேண்டும். பண்டு கணக்கர்கள் இவற்றைப் பேரேடுகளில் எழுதினர். இன்று கணிப்பொறிகள் அவ்வேலையைச் செய்கின்றன. ஆனால், கணக்கரின் சொற்களைப் பொறி ஏற்கும் வழி தானே தோன்றியதன்று. அதற்காக உழைத்தவருள் முதன்மையானவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார் ஆவார்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிறந்தார். எதனையும் உள்ளே புகுந்து அறியும் வேட்கை அவரிடம் சிறுவயதிலேயே காணப்பட்டது. அலாரக் கடிகாரம் இயங்கும் விதத்தை அறிய விரும்பி, வீட்டிலிருந்த ஒன்றைப் பிரித்தார். மீண்டும் பூட்ட இயலவில்லை. அதனை அறிவதற்காக அடுத்ததைப் பிரித்தார். இவ்வாறு ஏழு கடிகாரங்கள் பிரிக்கப்பட்ட பின்னரே அன்னையார் அதனை அறிந்தார். அவர் மகளின் ஆர்வத்தை அடக்கிவிடவில்லை. இனி ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளுமாறு மட்டும் பணித்தார்.

வாசர் கல்லூரியில் 1928இல் பட்டம் பெற்ற அம்மையார், யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1934இல் முனைவரானார். வாசர் கல்லூரியிலேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போர் மூண்டபோது நாட்டுக்குத் தொண்டு செய்ய விரும்பினார். உடல் எடை குறைவு என்பதால் தடை எழுந்தது. அவர் சோர்வுறாது விதிவிலக்குப் பெற்று, 1943ஆம் ஆண்டின் இறுதியில் கடற்படையிற் சேர்ந்தார். மறு ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க்-1 என்னும் கணிப்பொறியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். அப்பொறி 51 அடி நீளமுடையது. துளையிட்ட காகித நாடாவின் வாயிலாக ஆணைகளைப் பெற்று இயங்கியது.

அந்நாளில் பொறிக்கு இடும் ஆணைகள் யாவும் எண்களாகவே இருந்தன. ஒரு நிரலில் எழுதியதை மற்றொன்றிற்குக் கையால் படியெடுக்கும்போது பிழைகள் மலிந்தன. படியெடுக்கும் அவ்வேலையைப் பொறியே செய்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். 1952இல், ஆணைத் தொகுதிகளைத் தானே திரட்டி நிரலாக்கித் தரும் தொகுப்பி ஒன்றை உருவாக்கினார். கணிப்பொறி கணக்கு மட்டுமே போடும் என்று நம்பியிருந்த பலர் முதலில் அதனை ஏற்கவில்லை.

பின்னர் அம்மையார் மேலும் ஓரடி முன்வைத்தார். வணிகக் கணக்கு எழுதுவோர் யாவரும் கணிதக் குறியீடுகளில் வல்லவர் அல்லர். ஆதலின், அவர்கள் அறிந்த எளிய ஆங்கிலச் சொற்களாலேயே ஆணையிட வேண்டும் எனக் கருதி, ஃபுளோ-மேட்டிக் என்னும் மொழியை அமைத்தார். பொறிக்கு எம்மொழிச் சொல்லும் வெறுங் குறியே என்பதைக் காட்ட, பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களாலும் அதனை இயக்கிக் காட்டினார்.

1959இல் அரசுத் துறையினரும் கணிப்பொறி நிறுவனத்தாரும் கூடி, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவான வணிக மொழி ஒன்றை வகுக்க முடிவு செய்தனர். குழுவினர் பலர் உழைத்து ஆக்கிய அம்மொழியே கோபோல். அம்மையார் அதற்கு ஆலோசகராய் விளங்கினார். அவருடைய ஃபுளோ-மேட்டிக்கே அதற்குப் பேரளவில் அடிப்படையாயிற்று. 1960ஆம் ஆண்டு டிசம்பரில், வெவ்வேறு நிறுவனங்களின் இரு பொறிகளில் ஒரே கோபோல் நிரல் இயங்கிக் காட்டப்பெற்றது. தசமக் கணக்கைச் செம்மையாகச் செய்யவல்லது ஆதலின், ஒரு காசும் பிசகலாகாத வங்கித் தொழிலுக்கு அது மிகவும் ஏற்றதாயிற்று.

அம்மையார் 1966இல் கடற்படையினின்று ஓய்வு பெற்றார். ஆயின், கடற்படையின் கோபோல் நிரல்களை ஒரே சீராக்கும் பொருட்டு, மறு ஆண்டே ஆறு திங்களுக்கென அழைக்கப்பட்டார். அப்பணி பத்தொன்பது ஆண்டுகள் நீண்டது. 1986இல் ரியர் அட்மிரல் என்னும் உயர் பதவியோடு விடைபெற்றபோது அவருக்கு வயது 79.

இளைஞரைப் பயிற்றுவதையே அவர் தம் பணிகளுள் தலையாயதாகக் கருதினார். மின்குறி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் செல்லக்கூடிய தொலைவைக் காட்ட, ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கேட்போர்க்கு வழங்குவார். பழகிய வழியே வழியென்று எவரும் எண்ணலாகாது என்பதை உணர்த்த, இடஞ்சுழியாக ஓடும் கடிகாரம் ஒன்றைத் தம் அறையில் மாட்டியிருந்தார். 1992ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அவர் மறைந்தார்.

அவர் வளர்த்த மொழியோ இன்றும் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் வாழ்கிறது. ஆனால், அதனை அறிந்த முதியோர் ஓய்வு பெற்று வருகின்றனர். 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது, ஆண்டை இரண்டு இலக்கங்களால் குறித்த பழைய நிரல்களைத் திருத்த நம் நாட்டு இளைஞர் பலர் கோபோல் பயின்றனர். 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் அறிந்தோரின் உதவியை வெளிப்படையாக வேண்டினார். கற்றவர் குறைந்தால், பசித்தவனுக்கு உரிய பணமும் காலத்தில் சென்று சேராது என்பதை உலகம் அன்று கண்டது.

பழையது என்பதனாலேயே ஒன்றை இகழ்தல் அறிவுடைமை ஆகாது. பழையது என்பதனாலேயே அதனை மாற்றாது வைத்தலும் அறிவுடைமை ஆகாது. முன்னோர் ஆக்கியதை ஐயமறக் கற்று, பழுது நீக்கி, பின்வருவோர்க்குக் கற்பித்தலே கல்வியின் பயன். கடிகாரத்தைப் பிரித்த சிறுமியின் கைகள் முதுமையிலும் கற்பிக்கச் சலிக்கவில்லை. மாணவர்களும் அவ்வூக்கத்தைத் தமதாக்கிக்கொள்வாராக.