காந்தத்தால் படிகங்களின் உள்ளமைப்பைக் கண்ட கே. எஸ். கிருஷ்ணன்

காந்தம் இரும்பை மட்டுமே கவரும் என்பது பொதுவான எண்ணம். இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற சிலவற்றை அது வலுவாக இழுக்கிறது என்பது உண்மையே. ஆனால் காந்தத்துக்கு முற்றிலும் கட்டுப்படாத பொருள் உலகில் இல்லை. அலுமினியம் மிக லேசாக இழுக்கப்படுகிறது. தண்ணீரும், பிஸ்மத்தும், துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையின் நாப்தலீனும் மிக லேசாக விலக்கப்படுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்தச் சிறு விசையை அளந்து உலகப் புகழ் பெற்றவர் ஒரு தமிழர். அவரே டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்துவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கல்கத்தா சென்று சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறியும் பணியில் அவருக்கு உறுதுணையாக இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவி ஏற்றார். புகழ்பெற்ற ஆசிரியரைப் பிரிந்து, தமக்கென ஒரு துறையை வகுத்துக்கொள்ள வேண்டிய கட்டம் அது. அவர் தேர்ந்தெடுத்தது படிகங்களின் காந்தத் தன்மை.

படிகத்தில் காந்தத் தன்மை எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த வேறுபாட்டை அளக்கக் கிருஷ்ணன் கையாண்ட முறை எளிமையானது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகம் ஒன்றைக் கட்டி, காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கவிட்டார். இழையின் மேல்முனையை மெதுவாக முறுக்கினார். காந்தப் புலம் படிகத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டியதும், பிடி தளர்ந்து படிகம் சட்டென்று சுழன்றுவிடும். அந்த முறுக்கின் அளவைக் கொண்டு, இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டார்.

நாப்தலீன் மூலக்கூறு தட்டையானது. அதன் தளத்துக்குச் செங்குத்தாகக் காந்தப் புலம் அமையும்போது விலக்கம் மிகுதி. ஆகவே படிகத்தின் காந்த வேறுபாட்டை அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியலாம். எக்ஸ்-ரே ஆராய்ச்சிக்கும் இம்முறை துணை செய்தது. அத்துறையின் நிபுணரான காத்லீன் லான்ஸ்டேலுடன் சேர்ந்து 1936-ல் கிருஷ்ணன் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்.

1933-ல் கல்கத்தா திரும்பிப் பேராசிரியரான அவர், 1940-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1942-ல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1946-ல் சர் பட்டம் பெற்றார். 1947-ல் டில்லியின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநரானார். 1954-ல் பத்மபூஷண் விருதும், 1958-ல் பட்நாகர் பரிசும் பெற்றார். பட்நாகர் பரிசை முதன்முதலில் பெற்றவர் அவரே.

ஆய்வுக்கூடப் பொறுப்பில் இருந்தபடியே 1961 ஜூன் மாதம் காலமானார். விலை உயர்ந்த கருவிகள் இருந்தால்தான் பெரிய ஆராய்ச்சி செய்ய முடியும் என்பதில்லை. ஓர் இழையும் ஒரு காந்தமும் கூர்ந்த அறிவும் போதும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. புதுடில்லியில் அந்த ஆய்வுக்கூடம் அமைந்துள்ள சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.