ராஜேந்திர சோழன்: தேர்வுக்கு ஆண்டு மட்டும் போதுமா?

மெர்சிங்கில் எஸ்.டி.பி.எம். வரலாறு படிக்கிறீங்களா? உங்க ஊர்க் கரைக்கு எதிரே தென்சீனக் கடல். அதன் வழியே சீனா போன இந்தியக் கப்பல்கள் முதலில் கடந்த மலாக்கா நீரிணை, ஆயிரம் ஆண்டுக்கு முன் ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது.

1014-இல் அரியணை ஏறிய ராஜேந்திர சோழன், கங்கை வரை படை அனுப்பினார். கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினார். 1025-இல் அவரது கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிக் கடாரத்தை வென்றது. ஆனால், அவர் தந்தை ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை கட்டியது இதே ஸ்ரீவிஜயம்தான். நட்பு ஏன் போரானது? வணிகப் போட்டியா, புகழாசையா? ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

1044-இல் அவர் மறைந்தார். வெற்றியைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டு, வென்றவர் தரப்புச் சான்று. கடாரத்தில் சோழர் நிலையாக ஆண்டதாக அது சொல்லலை. பெருமைக்காக அப்படி எழுதிடாதீங்க. காரணத்தையும் சான்றையும் எடைபோட்டு எழுதுங்க. புள்ளி அங்கதான் இருக்கு.