73 வயதில் ஒரு புதுத் தொடக்கம்: ஆழியாறு வேதாத்திரி மகரிஷி வாழ்க்கையில் முதுமைக்கான பாடம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கீங்களா? தென்னந்தோப்புகள் முடிந்து ஆனைமலை அடிவாரம் தொடங்கும் இடத்தில் ஆழியாறு வரும். பாதிப் பேர் அணையைப் பார்க்க இறங்குவாங்க. இன்னும் சிலர், அதில் பெரும்பாலும் நரைத்த தலைக்காரங்க, கையில் ஒரு துணிப்பையோடு அறிவுத் திருக்கோயிலுக்கு இறங்குவாங்க. ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல்னு கொங்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் அந்தக் கூட்டம் வரும்.

அந்த இடத்தை 1984-ல் தொடங்கியவருக்கு அப்போது வயது 73. நம்ம வீட்டில் 73 வயதுப் பெரியவர் ஒருத்தர், புதுசா ஒண்ணு ஆரம்பிக்கப் போறேன்னு சொன்னா நாம என்ன சொல்லுவோம்? இந்த வயசுல எதுக்குங்க, பேசாம உட்காருங்கன்னுதானே? அவர் உட்காரவில்லை. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார், பேசினார், எழுதினார். 2006 மார்ச் 28 அன்று காலமானபோது அவருக்கு வயது 94. வேதாத்திரி மகரிஷியின் கதையை ஆன்மிகக் கதையாகப் பலர் சொல்லியிருக்காங்க. இங்கே அதை, வயதாவதை எப்படி எதிர்கொள்வது என்கிற கோணத்தில் பார்க்கலாம் வாங்க.

தறிக்குழியிலிருந்து...

1911 ஆகஸ்ட் 14. செங்கல்பட்டு பக்கம் கூடுவாஞ்சேரியில், ஒரு நெசவாளர் வீட்டின் எட்டாவது குழந்தையாகப் பிறந்தார் வேதாத்திரி. கொங்கு மண்ணோடு பிற்பாடு இவ்வளவு நெருக்கமாகப் போகிறவர் பிறந்தது தொண்டை மண்டலத்தில். வீட்டில் வறுமை. பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. சின்ன வயசிலேயே தறியில் உட்கார வேண்டிய நிலை.

தறியில் உட்கார்ந்து பழகியவங்களுக்குத் தெரியும். முதுகு, முட்டி, கண்ணு மூணும் சேர்ந்து வலிக்கும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுறவங்களைக் கேட்டுப் பாருங்க. உடம்புதான் முதல் மூலதனம், அது கெட்டால் மறுநாள் சோறு இல்லை என்பது நெசவாளர் வீட்டுக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிற்காலத்தில் அவர் உடலை ஏன் அவ்வளவு முக்கியமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இங்கேயே ஒரு பதில் இருக்கிற மாதிரி தோன்றுகிறது.

இளைஞராகச் சென்னைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே படித்தார். ஆயுர்வேதம், சித்தம், ஹோமியோபதி எல்லாவற்றையும் தேடித்தேடிக் கற்றார். பரஞ்ஜோதி மகானிடம் குண்டலினி தவம் பழகினார். இன்னொரு பக்கம் சொந்தமாக நெசவுத் தொழிலையும் நடத்தினார். தொழில் நன்றாக வளர்ந்து பலருக்கு வேலை கொடுத்தது. பிறகு நஷ்டத்தில் விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. கொங்கு நாட்டில் தொழிலில் விழுந்தவர் இல்லாத சொந்தபந்தம் உண்டா? பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், கோழிப்பண்ணை என்று எதிலாவது ஒருத்தர் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார். அந்த அடிக்குப் பிறகு சிலர் எழுந்துகொள்வாங்க, சிலர் அந்தக் கவலையிலேயே பத்து வயது கூடிப்போய் உட்கார்ந்துவிடுவாங்க. வேதாத்திரி கவலையைப் பற்றி எழுதியது ஏதோ குகையில் உட்கார்ந்து யோசித்து எழுதியது கிடையாது. கடன், கூலி, குடும்பம் என்று எல்லாம் பார்த்தவர் எழுதியது.

குடும்பத்தை விட்டு ஓடாத துறவு

அவர் குடும்பஸ்தர். முதல் மனைவி லோகாம்பாள், பிறகு லட்சுமி என இரண்டு மனைவியர். இன்றைய பார்வையில் அது கேள்விக்குரிய விஷயம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தியானம் பழக வீட்டை விட்டுப் போகணும் என்பதை அவர் ஏற்கவில்லை. சண்டை, சமாதானம், சம்பளம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் நடுவில்தான் மனசைப் பழக்கணும் என்றார். லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ, மனைவியருக்கு நன்றி சொல்லும் மனைவி நல வேட்பு நாளாகவே அவருடைய அன்பர்கள் கொண்டாடுறாங்க. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் ஒரு நாள்கூட மனைவியைப் பாராட்டாத பெரியவர்கள், அன்றைக்கு மேடையில் பூ கொடுக்கத் தெரியாமல் கூச்சப்படுவதைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

1958-ல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐம்பது வயதை ஒட்டித் தொழிலிலிருந்து விலகி முழு நேரமும் இதற்கே என்று முடிவெடுத்தார். அறுபது வயதைத் தாண்டிய பிறகு, 1970-களில், அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். மூன்றாம் வகுப்பு படித்தவர் அங்கே போய் வகுப்பு எடுத்தார். அப்புறம்தான் ஆழியாறு.

கணக்குப் போட்டுப் பாருங்க. நாம் ரிட்டையர்மென்ட் என்று மூட்டை கட்டும் வயதுக்குப் பிறகுதான் அவருடைய பெரிய வேலைகள் எல்லாமே நடந்திருக்கு. முதுமையில் மனசு சோர்வதற்கு முக்கியக் காரணம், காலையில் எழுந்ததும் தனக்கென்று ஒரு வேலை இல்லாமல் போவது. அவருக்கு அந்தப் பிரச்னை வரவே இல்லை.

ஒன்பது பயிற்சி, ஒரு பாய்

அவர் வடிவமைத்த எளிய முறை உடற்பயிற்சி என்னவென்று கேட்டால், எங்க ஊர் பாட்டிமார் விரலை மடக்கிச் சொல்லுவாங்க. கைப்பயிற்சி, கால் பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப்பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியாக உடல் தளர்த்துதல். மொத்தம் ஒன்பது. இதற்கு வேண்டியது ஒரு பாய், கொஞ்சம் இடம், அவ்வளவுதான்.

இதில் தலைகீழாக நிற்பதெல்லாம் கிடையாது. தோள், மணிக்கட்டு, இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அசைத்துவிடுவதுதான் அடிப்படை. சிரமமில்லாமல், மூச்சை அடக்காமல், அவரவர் உடம்பு இடம் கொடுக்கும் அளவுக்குச் செய்யணும்.

வயதானவர்களுக்கு இதன் மதிப்பு எங்கே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்யணும். காரணம், அந்த வயதில் பெரிய எதிரி கீழே விழுவதுதான். பாத்ரூமில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கப்புறம் படுக்கைதான் என்று ஆகிவிடுகிறது. வேதாத்திரியின் பயிற்சி மூட்டு இறுக்கத்தைத் தளர்த்த உதவும். ஆனால் அது மட்டும் போதாது, நடையும் கூடவே வேணும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். அதிக ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண் அழுத்த நோய் இருப்பவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் கபாலபதி செய்யக் கூடாது. அதேபோல, அவருடைய காயகல்பப் பயிற்சி முதுமையைத் தள்ளிப்போடும் என்பது அவரும் அவருடைய அன்பர்களும் கொண்ட நம்பிக்கை. அதை நம்பி பி.பி. மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்தினால் ஆபத்து உங்களுக்குத்தான்.

கவலைக்கு நாலு பெட்டி

என்னைக் கேட்டால், அவர் விட்டுப்போனதில் பெரியவர்களுக்கு மிகவும் பயன்படுவது உடற்பயிற்சியைவிட அகத்தாய்வுதான். எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது, நான் யார் என்று பார்ப்பது என்று அதில் ஐந்து படிகள். சினத்துக்கு, யார் மேல் அடிக்கடி கோபம் வருகிறதோ அவர்களைப் பட்டியல் போட்டு, தினமும் அவர்களை மனதார வாழ்த்தச் சொன்னார். வாழ்க வளமுடன் என்கிற அந்த வாழ்த்து இன்றைக்குக் கொங்கு நாட்டில் போன் எடுத்ததும் ஹலோவுக்குப் பதிலாகவே கேட்கிறது.

கவலைக்கு அவர் சொன்ன வழி இன்னும் எளிமையானது. எல்லாக் கவலையையும் தாளில் எழுதி நாலாகப் பிரிக்கணும். அனுபவித்தே தீர வேண்டியவை ஒன்று. தள்ளிப்போட்டுப் பிறகு தீர்க்க வேண்டியவை இரண்டு. அலட்சியம் செய்ய வேண்டியவை மூன்று. உடனே தீர்க்க வேண்டியவை நான்கு.

எங்க அப்புச்சியின் கதையைச் சொல்றேன். ஆனைமலை பக்கம் கொஞ்சம் தென்னை. வேர் வாடல் நோய் வந்து மரம் ஒவ்வொண்ணா மஞ்சளடிக்க ஆரம்பித்ததும் மனுஷன் ராத்திரி தூக்கத்தைத் தொலைத்தார். விடியற்காலை மூணு மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். பகலெல்லாம் எரிச்சல். அம்மச்சிதான் அவரை மன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே எழுதச் சொன்னதும், பால் சொசைட்டி நோட்டின் பின்பக்கத்தில் பதினொரு கவலை எழுதினார்.

மரங்களின் நோய் இரண்டாவது பெட்டிக்குப் போனது. ஒரே நாளில் தீராது, வேளாண் அதிகாரிகளைப் பார்த்து, மாற்றுப் பயிரை யோசித்து, மெதுவாகத்தான் செய்யணும். முட்டி வலியும், போன வருஷம் இறந்த அவர் தம்பியும் முதல் பெட்டிக்கு. ஒரு கல்யாணச் சீருக்குத் தன்னை முறைப்படி அழைக்கவில்லை என்று ஆறு வருஷமாக வைத்திருந்த வருத்தம் மூன்றாவதுக்கு. அதை எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். நாலாவது பெட்டியில் நின்றது இரண்டே இரண்டு. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது, அம்மச்சி பெயரில் பேங்க் கணக்குக்கு நாமினி போடுவது. இரண்டையும் அந்த மாதமே முடித்தார்.

மரம் பிழைத்ததா என்று கேட்பீங்க. இல்லைங்க, பாதித் தோப்பு போய்விட்டது. ஆனால் அப்புச்சி இப்போது அஞ்சு மணி வரை தூங்குகிறார். பி.பி. மாத்திரை இன்னும் போடுகிறார். அம்மச்சி போட்ட காபியில் சர்க்கரை குறைவு என்று கத்துவது மட்டும் நிற்கவில்லை. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறோம்.

தனிமைக்கு மருந்து

இன்னொன்றையும் கவனிச்சேன். மன்றத்துக்குப் போகும் பெரியவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்காங்க. பெரிய வீட்டில் இரண்டு பேர், சில வீட்டில் ஒரே ஒருத்தர். காலையில் பாய் விரித்துப் பக்கத்தில் ஒருத்தர் கூட உட்காருவது, ஒரு நாள் வரவில்லை என்றால் போன் பண்ணிக் கேட்பது, இதெல்லாம் பயிற்சிப் பட்டியலில் இல்லாத பத்தாவது பயிற்சி. மன அழுத்தத்துக்குத் தனிமைதான் உரம். அதை ஒரு நெசவாளரின் மகன் ஊர் ஊருக்குத் திண்ணை போட்ட மாதிரி மன்றம் வைத்துக் குறைத்திருக்கிறார்.

2010-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் எழுதிய பாடல்கள் ஞானக் களஞ்சியம் என்று தொகுப்பாக இருக்கு. அதெல்லாம் படிக்க நேரமும் விருப்பமும் இருக்கிறவங்க படிக்கலாம். அவருடைய ஆன்மிகத்தை ஏற்காதவங்களும் அந்த நாலு பெட்டியை எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தீட்சை ஒன்றும் வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி ஒரு பழைய நோட்டு எடுங்க. உங்க அப்பாவோடயோ அம்மாவோடயோ உட்காருங்க. அவங்க கவலைகளை அவங்களையே சொல்லச் சொல்லி, நீங்க எழுதுங்க. குறுக்கே பேசாதீங்க. நாலாகப் பிரித்த பிறகு, நாலாவது பெட்டியில் இருப்பதில் ஒன்றையாவது நாளைக்கே முடித்துக் கொடுங்க. அதில் உங்க பெயர் இருந்தாலும் இருக்கலாம். பெரியவங்களோட பல கவலைக்கு மருந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய ஒரு போன் காலாகத்தான் இருக்கு.